முக்கால் செம்பு

சுள்ளங்குடியில் இருளாயி கட்டிய மண்வீட்டின் பின்னால், குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் தேறி வந்து சேருகிற கடைசித் தொட்டியில், நாலு குடம் போனதற்கு நாற்பது குடம் வந்து நின்றது ஆடி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கென்று பார்த்து லாரித் தண்ணீரும் வரவில்லை, அம்மனுக்குக் கூழ் ஊற்ற வைத்திருந்த அண்டாவைக் கழுவக்கூடச் சொட்டு இல்லாமல் கோவில் வாசலில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள், ஆகையால் அந்தத் தண்ணீரைப் பார்த்து வாய் பிளந்து நிற்க ஊருக்கு நேரமில்லை, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தது.

இருளாயி யார் என்றால், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று ஊர் சொல்லும். பதினோரு வருஷம் புதுச்சேரிப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போனாள். அங்கே வசதியுள்ளவர்கள் சிமெண்டு வேண்டாம், கம்பி வேண்டாம், மண்ணிலேயே இயற்கை வீடாகக் கட்டிக்கொடு என்று கேட்டு, செம்மண்ணும் வைக்கோலும் சேர்த்து மிதித்த சுவரும், கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சுமாக வீடு கட்டிக்கொண்டார்கள். அத்தனை வீட்டுக்கும் மண் மிதித்த கால் இருளாயியுடையது, அத்தனை வீட்டுக் குளியல் தண்ணீரையும் குழி குழியாக இறக்கிச் சுத்தம் பண்ணித் தோட்டத்துக்கு விடுகிற வித்தையைக் கையால் தோண்டிக் கற்றவளும் அவள்தான். திரும்பி வந்து தனக்கென்று ஒன்றை அதே மாதிரி கட்டினாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“பட்டணத்துக்காரன் காச வச்சுக்கிட்டு மண்ணுல கட்டுனா அதுக்குப் பேரு இயற்கை வீடு. நீ கட்டுனா அது குடிசைதான்த்தா” என்றாள் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம். இருளாயிக்கு அவள் மதினி முறை.

“குடிசைன்னே வச்சுக்கங்க மதினி. மழைக்கு வந்து ஒதுங்காம இருந்தாச் சரி.”

“மழையா? அது எந்த ஊருலத்தா பெய்யுது?”

குளிக்கிற இடத்திலிருந்தும் பாத்திரம் விளக்குகிற கல்லிலிருந்தும் ஒரு சின்ன வாய்க்கால். முடியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிடித்துக்கொள்ள அதன் வாயில் தேங்காய் நார் அடைத்த ஓட்டைப் பானை. அப்புறம் ஜல்லிக் குழி, கரிக் குழி, மணல் குழி, மணலுக்கு மேலே கல்வாழையும் கோரையும். கடைசியில் ஒரு குழாய் வாய், அதன் கீழே சுண்ணாம்பு பூசிய தொட்டி. சோப்பு நுரை வேரைக் கொன்றுவிடும் என்பதால் அந்த வீட்டில் அரப்பும் சீயக்காயும் சாம்பலும்தான். நாலு குடம் போனால் மூன்று குடம் வந்து சேரும், மிச்சத்தை வேர் குடித்துக்கொள்ளும். வேருக்குக் கூலி கொடுக்காத குழி உலகத்திலேயே கிடையாது என்று புதுச்சேரி மேஸ்திரி சொல்லுவார். ஒரு செம்பு ஊற்றி, மறுமுனையில் முக்கால் செம்பு வருகிறதா என்று பிடித்துப் பார்த்த பிறகுதான் இருளாயி எந்தக் குழியையும் முடிந்தது என்பாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவள்.

கரிக் குழிக்குக் கரி வீட்டிலேயே இருந்தது. அவள் புருஷன் வழிவிட்டான் இருபத்தாறு வருஷமாகக் கரிமூட்டம் போடுகிறவன். ஊரைச் சுற்றி மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலத்தை வெட்டி, வட்டமாக அடுக்கி, மேலே தழையும் ஈரமண்ணும் மெழுகி, உள்ளே நெருப்பைப் போட்டுவிட்டு, எரியவும் விடாமல் அணையவும் விடாமல் பன்னிரண்டு நாள் புகையிலேயே வைத்திருந்து கரியாக்கி எடுக்கிற வேலை அது. அவன் சாய்ந்தால் கோவில் தூண் கறுத்துவிடும் என்று தள்ளி நிற்கச் சொல்லுவார்கள், கல்யாண வீட்டில் நாற்காலி அழுக்காகும் என்று தரையில் இலை போடுவார்கள், அவனும் அதெல்லாம் சரிதான் என்பதுபோல உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவான். காலையில் குளிக்கும்போது அவன் தொண்டையைக் காறுகிற காறலில் மூன்று தெருக் காக்கைகள் எழுந்து பறக்கும். ஊருக்கு அது வேடிக்கை. இருளாயி செய்கிற வேலையை நிறுத்திவிட்டு அது முடிகிற வரைக்கும் காது கொடுத்து நிற்பாள்.

வீட்டுக்கு முதல் மண் மிதித்த அன்றைக்கு அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வீடு முடிந்து அடுப்புப் பற்றவைத்த மறுநாள் அவன் மூட்டத்தை விட்டுவிட வேண்டும். தொட்டியில் வந்து சேருகிற மூன்று குடத்தை வைத்து நாலு பாத்தி கத்தரியும் வெண்டையும் போட்டு, இரண்டு ஆட்டைக் கட்டிக்கொண்டு, மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் அந்தக் குழிகளை வெட்டினாள், அதற்காகத்தான் வீட்டையே கட்டினாள் என்றும் சொல்லலாம். ஆடியில் அடுப்புப் பற்றவைத்தாள். கடைசி மூட்டம் என்று சொல்லிப் பிரித்துவிட்டு வந்த வழிவிட்டான், செவ்வாய்க்கிழமை காலையில் நாலு குடம் ஊற்றிக் குளித்தான், காறித் துப்பினான், தலை துவட்டினான், தொட்டியில் நாற்பது குடம் வந்தது.

இது என்ன மாயம் என்று சுள்ளங்குடி கேட்கவில்லை. லாரி ஏன் வரவில்லை, குழாய் ஏன் காய்ந்தது, கண்மாய் ஏன் பெருகவில்லை என்று முப்பது வருஷமாகக் கேட்டுக் களைத்த ஊர் அது. வராததற்கே காரணம் தெரிந்துகொள்ள முடியாதவர்கள் வந்ததற்குக் காரணம் கேட்டு என்ன செய்யப்போகிறார்கள்? வீட்டுக்கு எத்தனை குடம் என்பதைத்தான் முதலில் பேசினார்கள். லாரிக்கு இடம் போடுகிற மாதிரியே உடைந்த பானை, அறுந்த செருப்பு, கல், காலி எண்ணெய் டின் என்று வீட்டுக்கொரு அடையாளம் தொட்டியோரம் வரிசையாக வந்து உட்கார்ந்தது. குடிக்க மட்டும் ஆகாது என்று இருளாயி கண்டிப்பாகச் சொன்னாள். மற்றதற்கெல்லாம் ஆயிற்று.

புதன்கிழமை இருளாயி குளித்தாள், மூன்று குடம்தான் வந்தது. வியாழக்கிழமை வழிவிட்டான் குளித்தான், மறுபடி நாற்பது. விஷயத்தைக் கண்டுபிடித்தவள் பஞ்சவர்ணம்: “அழுக்குக்குத் தக்கன தண்ணிடி!” அப்புறம் ஒரு வாரத்துக்கு ஊரே வரிசையில் நின்று அந்த வீட்டில் குளித்தது. சைக்கிள் கடைக்காரர் குளித்ததற்கு எட்டுக் குடம், ஆட்டுக்காரிக்கு ஆறு, மூட்டத்துக்குப் புதிதாகப் போகிற ஆட்களுக்கு ஒன்பது பத்து. வேலைக்கே போகாத இளவட்டங்கள் நாலு பேர் அடுப்புக்கரியை அள்ளி உடம்பெல்லாம் பூசிக்கொண்டு வந்தார்கள், அவர்களுக்கு வெறும் மூன்றுதான் வந்தது, போதாக்குறைக்கு மடியில் ஷாம்பு பாக்கெட்டை ஒளித்துக் கொண்டுவந்தவனை இருளாயி விளக்குமாற்றால் விரட்டினாள். ஊர்த் தலைவர் கூரிச்சாமி வெள்ளை வேட்டியும் துண்டுமாக வந்து குளித்ததற்கு இரண்டே குடம். “ஒங்க அழுக்கு ஒடம்புல இல்ல தலைவரே, வேற எங்கயோ இருக்கு” என்று பஞ்சவர்ணம் சொல்ல, அவரும் சேர்ந்து சிரித்தார்.

நாற்பது என்பது வழிவிட்டானுக்கு மட்டும்தான். கைராசி என்றார்கள். ஊர் கேட்டதற்காக மறுபடி மூட்டத்துக்குப் போக ஆரம்பித்திருந்த அவன், நடுவில் நாலு நாள் அந்தப் பக்கமே போகாமல் வீட்டோடு இருந்து, உடம்பில் ஒரு பொட்டுக் கரியில்லாமல் குளித்தபோதும் முப்பத்தெட்டுக் குடம் வந்தது. இருளாயி அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள். தான் வெட்டிய குழியில் ஊர் மஞ்சள் துணி கட்டிக் கும்பிடுகிறபோது எந்தக் கைவேலைக்காரிக்குத் துருவிப் பார்க்க மனம் வரும்? பிறகு எத்தனையோ நாள் அவள் தன்னைத் திட்டிக்கொண்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

ஊர் மாறியது. கூழானாலும் குளித்துக் குடி என்று பிள்ளைகளை அதட்டிய வாய்களெல்லாம், வழிவிட்டானைத் தெருவில் பார்த்தால் “குளிச்சிராதப்பா, சாயங்காலம் வரைக்கும் பொறு” என்று கெஞ்சின. கல்யாண வீட்டில் அவனுக்கு முதல் பந்தி, அதுவும் நாற்காலியில். கோவில் தூணில் அவன் சாய்ந்த கறுப்பைத் துடைக்காமல் விட்டுவைத்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிவந்து அவன் விரலால் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு போனார்கள், திருஷ்டி கழியுமாம். கூன் விழுந்தமாதிரி நடந்துகொண்டிருந்தவன் ஆவணி பிறப்பதற்குள் நெஞ்சை நிமிர்த்தி நடக்க ஆரம்பித்தான், நிமிர்த்தியதாலோ என்னவோ இருமலும் கூடியது.

இருளாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்தது முதல் வாசலுக்கும் தொட்டிக்கும், தொட்டிக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தாள். கையிலிருப்பதை வைத்துவிட்டு எதற்கு வைத்தோம் என்று மறந்தாள். சொந்த வீடு கட்டி ஒரு மாதமாகியும் அந்த வழவழப்பான தரையில் ஒரு தடவைகூட அவள் உட்கார்ந்து பார்க்கவில்லை.

“மச்சான், நாளைக்கு மூட்டத்துக்குப் போகாதீக” என்றாள் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே. “சத்தியம் பண்ணியிருக்கீக.”

“ஒரே ஒரு மூட்டம் இருளு.”

“ஆடியிலயும் இதத்தான் சொன்னீக.”

“ஆடியில எனக்காகச் சொன்னேன். இது ஊருக்காக.” சொல்லிவிட்டு இருமினான். சோற்றில் கை வைத்தபடி வெகுநேரம் இருமினான்.

“ஊரு இந்த இருமல வாங்கிக்குமா?”

“அடியே, அம்பது வயசு ஆகப்போகுது. இன்னைய வரைக்கும் எனக்கு ஒருத்தன் நாக்காலி எடுத்துப் போட்டதில்ல. இப்ப கூரிச்சாமி எந்திரிச்சு நின்னு என்னைய ஒக்காரச் சொல்றாக. அதெல்லாம் ஒனக்குப் புரியாது.”

“எனக்கா புரியாது?” என்றாள் இருளாயி. “பதினோரு வருசம் மண்ணு மிதிச்சேன் மச்சான். நான் கட்டுன வீட்டுல ஒரு வீட்டுலயாச்சும் என்னைய உள்ள கூப்பிட்டு, செத்த ஒக்காருன்னு சொல்லியிருப்பாகளா? எனக்கா புரியாது?”

அவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான். கழுவிய தண்ணீருக்கு அரைக் குடம் வந்தது.

ஊருக்கு ஆசை வந்துவிட்டது, அதைக் குறைசொல்லவும் முடியாது. மழையை நம்பியே குண்டு மிளகாய் போட்டு, மழை ஏமாற்றியதும் திருப்பூருக்குப் பிழைக்கப் போகிற ஊர், இந்த வருஷம் மழைக்குக் காத்திராமல் புரட்டாசியிலேயே மிளகாய் போடலாம் என்று முடிவு பண்ணியது. அதற்கு நாற்பது குடம் எந்த மூலைக்கு? வழிவிட்டான் இன்னும் கறுக்க வேண்டும். ஆகவே இருளாயி வீட்டுக்குக் கீழே, சரிவு முடிகிற பொட்டலில், வீட்டுக்கொரு ஆள் என்று ஊரே அனுப்பி விறகு வெட்டி, கோவில் தேர் உயரத்துக்கு ஒரு மூட்டம் அடுக்கினார்கள். கரி யாருக்கு வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மனுஷனைக் கறுப்பாக்கிக் குளிப்பாட்டித் தண்ணீர் எடுப்பதற்காகப் போட்ட அந்த மூட்டத்துக்கு மண் குழைக்க அறுபது குடம் தண்ணீர் செலவானது, அதுவும் அந்தத் தொட்டியிலிருந்துதான். குலவை போட்டு, சூடம் கொளுத்தி நெருப்பு வைத்தார்கள். அத்தனை பெரிய மூட்டத்தில் எந்தப் புகைக்கண்ணைத் திறந்து எந்தக் கண்ணை அடைப்பது என்று தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான் என்பதால், ஒரு மாதத்துக்கு மேல் புகையவேண்டிய அந்த மூட்டத்தடியிலேயே பகலும் இரவும் அவன் கிடந்தான். குளிக்க மட்டும் வீட்டுக்கு வந்தான். நூறு குடம், நூற்றிருபது குடம், நூற்றைம்பது குடம். மிளகாய்ச் செடி முழங்கால் உயரத்துக்கு வந்தது.

புரட்டாசிக் கடைசியில் கருப்பர் கோவிலில் அவனுக்கு முதல் மரியாதை. கூரிச்சாமி தன் கையாலேயே வெள்ளைத் துணியில் பரிவட்டம் கட்டிவிட்டார். கரிமூட்டக்காரன் தலையில் அந்தக் கோவிலின் பரிவட்டம் ஏறியது அதுவே முதல் தடவை, வழிவிட்டான் கும்பிட்ட கையைக் கீழே போட மறந்து நின்றான். கூட்டத்தில் நின்ற இருளாயிக்கும் கண் கலங்கியது. பொய் சொல்லக்கூடாது, பெருமையில்தான் கலங்கியது.

மறுநாள் காலை, அவன் மூட்டத்துக்குப் போனபிறகு, அவள் வீட்டை மெழுகிக்கொண்டே வந்தபோது, சுவரில் விளக்குக்கென்று விட்டிருந்த மாடத்துக்குள் அந்தப் பரிவட்டத் துணி சுருட்டிச் செருகியிருப்பதைக் கண்டாள். பெட்டியில் மடித்து வைக்க வேண்டிய துணியை இந்த மனுஷன் எதற்கு இப்படித் திணித்து வைத்தார் என்று வெளியே இழுத்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்னங்கரேல் என்று கோழை, கெட்டியாக, தாரை அப்பினதுபோல. அதன் நடுவே நூல் மாதிரி ஒரு சிவப்பு.

அவள் கை பழக்கத்தில் வேலை செய்தது. துணியைத் துவைக்கிற கல்லில் விரித்தாள், சாம்பல் தூவினாள், ஒரே ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி அலசினாள். அந்தத் தண்ணீர் நார்ப் பானைக்குள் இறங்கியது, ஜல்லியில் இறங்கியது, கரியில் இறங்கியது, அப்புறம் மணலுக்குள்ளிருந்து குபுகுபுவென்று ஒரு சத்தம் வந்தது, கல்வாழையெல்லாம் வேரோடு ஆடியது, தொட்டி நிறைந்தது, விளிம்பைத் தாண்டியது, தொட்டியோரம் இருந்த பானையையும் செருப்பையும் எண்ணெய் டின்னையும் மிதக்க வைத்து, வரப்பு முட்டி, தோட்டம் முழுக்கக் குளமாக நின்றது, இன்னும் வந்துகொண்டே இருந்தது.

ஒரு நாழிகைக்குள் ஊர் கூடிவிட்டது. தப்பு மேளம் அடித்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். பரிவட்டத் துணியை அலசியதற்கே இவ்வளவு என்றால் கருப்பரே இறங்கி வந்துவிட்டார் என்று கூரிச்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் தண்ணீருக்குள் குதித்தன. அத்தனை பேருக்கும் நடுவில் இருளாயி காலிச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வருஷம் அவனுக்கு உள்ளே போய்ச் சேர்ந்ததைத்தான் குழி இத்தனை நாளாக அளந்து கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அளந்து பார்க்கிறவள் அவள், அவளுக்கே அது தெரியவில்லை. 

துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள், மண்வெட்டியை எடுத்தாள், சரிவில் இறங்கினாள். வழிவிட்டான் மூட்டத்தின் மேல் ஏணியைச் சாய்த்து ஒரு கண்ணை அடைத்துக்கொண்டிருந்தான். தோளில் கிடந்த துணியைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

“எத்தன நாளா மச்சான்?”

அவன் தரையைப் பார்த்தான். “போன தையிலேருந்து.”

“எனக்குத் தெரியாம எங்க துப்புனீக?”

“இங்கதான். துப்பிட்டுக் கால்ல மண்ணத் தள்ளி மூடிருவேன். குளிக்கையில கொஞ்சம் வரும்.” பிறகு, திட்டு வாங்கப்போகிற பிள்ளையைப்போல, “ஊருக்கு ஒதவுதுல்ல இருளு” என்றான்.

அவள் திரும்பி மேலே ஏறினாள். தோட்டத்தின் கீழ்வரப்பில் நின்று, மூட்டத்துக்கு நேராக, மூன்று வெட்டு வெட்டினாள். மண் மிதித்த கால், தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்த கை. அடைபட்டுக் கிடந்த தண்ணீர் சரிவில் ஓடி, மூட்டத்தின் அடியில் போய் முட்டியது. அதன் எல்லாக் கண்களிலிருந்தும் ஒரே நேரத்தில் வெள்ளை ஆவி சீறியது, மண்பூச்சு வெடித்தது, தேர் உயர மூட்டம் அடி பெயர்ந்து உட்கார்ந்தது. வழிவிட்டான் ஓடி ஓடி மண்ணை அள்ளித் தண்ணீரை மறித்துப் பார்த்தான், இருமல் வந்து மடக்கிப் போட்டது, சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். நெருப்பு கடைசிக் கண் வரைக்கும் அணைந்தது.

தப்புச் சத்தம் நின்றது. கூரிச்சாமி மூச்சு வாங்க ஓடிவந்தார். “ஊரு வயித்துல அடிச்சுட்டியே தாயி! பிஞ்சு விடுற நேரம். என் மருமக இந்த மூணு மாசமாத்தான் லாரிக்கு நிக்காம வீட்டுல இருந்தா. ஒனக்கு என்ன கொறை வச்சோம்?”

இருளாயி தோளில் கிடந்த துணியை எடுத்து அவர் கையில் வைத்தாள். எத்தனை அலசியும் போகாத கறை அதில் இருந்தது.

“தலைவரே, ஒங்க மொளகாக் கொல்லைக்கு இத்தன நாளாப் பாஞ்சது தண்ணியில்ல, எங்க மச்சானோட நெஞ்சு. இன்னும் எம்புட்டு வேணும்? சொல்லுங்க, புழிஞ்சு தர்றேன்.”

கூரிச்சாமி துணியை விரித்துப் பார்த்தார், மடித்தார், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு போனார். ஆனால் ஊர் அவளோடு பேசுவதை விட்டது. கோபத்தில் பேசாதவர்கள் பாதி, வெட்கத்தில் பேசாதவர்கள் பாதி.

அவனைப் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கிற புகை போகச் சொன்னதும் போய்விடாது, முழுசாகப் போகும் என்று சத்தியம் பண்ணவும் முடியாது, இனிமேல் புகைப் பக்கம் தலைவைக்காமல் ஒழுங்காக மருந்து எடுத்தால் மனுஷன் இருப்பார் என்றார். மாத்திரையும் வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்தும் கொடுத்தார். திரும்பி வந்து ஒரு மாதம் வழிவிட்டான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூட்டமில்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூண்டில் போட்டதுபோல வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான், நாற்காலி போட ஆளில்லாத தெருவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். அவன் ஒரு பக்கம் நடக்க, அவள் ஒரு பக்கம் நடக்க, வீடே ஓரிடத்தில் நிற்காததுபோல இருந்தது.

ஒவ்வொரு நாள் காலையும் அவன் இருமித் துடைத்த துண்டை அவள் ஒரு செம்புத் தண்ணீரில் அலசினாள். அலசிவிட்டுத் தொட்டியோரம் போய் நின்றாள். ஊரும் குடத்தோடு வந்து நின்றது; பேச்சை நிறுத்தினார்களே தவிரத் தண்ணீர் எடுப்பதை நிறுத்தவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் ஏறாதா என்று பார்த்தார்கள், இந்தப் பக்கம் நிற்கிற இவள் இறங்காதா என்று பார்த்தாள். ஐப்பசியில் இருநூறு குடம். மார்கழியில் நூறு. அந்தப் பக்கம் உச்சுக் கொட்டினால் இந்தப் பக்கம் நெஞ்சு குளிர்ந்தது. தையில் ஒரு வாரம் பனி ஒத்துக்கொள்ளாமல் நூற்றிருபதுக்கு ஏறியபோது அவள் கருப்பர் கோவிலுக்கு ஓடி, “தண்ணியக் கொறைச்சிரு சாமி” என்று விழுந்து கும்பிட்டாள். அந்தச் சீமையில் யாரும் வேண்டியிராத வேண்டுதல் அது, சாமிக்கே காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று சந்தேகம் வந்திருக்கும்.

மிளகாய்க் கொல்லையில் மூன்றில் ஒரு பங்கு கருகியது. இரண்டு குடும்பம் மறுபடி திருப்பூருக்குப் பஸ் ஏறியது, அவர்கள் மூட்டை முடிச்சோடு வாசல் வழியே போனபோது இருளாயி கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். தான் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தால் அழுகை வராதா என்ன?

பங்குனியில் இருபது குடம். சித்திரையில் ஒரு காலை, குடத்தோடு வந்த பஞ்சவர்ணம் ஏழு மாதம் கழித்து வாயைத் திறந்தாள்.

“இன்னைக்கு எம்புட்டுத்தா வரும்?”

“ரெண்டு கொடம் வரும் மதினி. வந்தா ஒசத்தி.”

பஞ்சவர்ணம் பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்து, பிள்ளை பிறந்த சேதியைச் சொல்கிற குரலில், “ரெண்டு கொடந்தானாம்டி! கொறைஞ்சிருச்சு!” என்றாள். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். “அண்ணன் எப்படி இருக்காக?”

“ரெண்டு வாய் கூடச் சாப்பிடுறாக. நேத்து அவுகளே பாத்தி கட்டுனாக.”

“ம்” என்றாள் பஞ்சவர்ணம். கல்வாழை இலையை வருடினாள். “எங்க வீட்டுக்கும் ஒரு குழி வெட்டித் தா. நாலுக்கு மூணு வந்தாலும் போதும். அது பாட்டுக்கு ரெண்டு கத்தரிச் செடி காய்க்கட்டும்.”

வைகாசி மாதம், வெயில் ஏறுவதற்குள், வழிவிட்டான் தானே துண்டைக் கொண்டுவந்து கல்லில் போட்டான். காற்றில் ஆடுகிற கத்தரிச் செடிகளுக்கு நடுவே இரண்டு பேரும் நின்றார்கள். இருளாயி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அலசினாள், தண்ணீர் நார்ப் பானைக்குள் இறங்கியது. அவள் அதே செம்பை எடுத்துக்கொண்டு மறுமுனைக்குப் போய்க் குழாய் வாயில் பிடித்தாள். தொட்டியோரம் அன்றைக்குக் குடம் எதுவும் இல்லை.

கால் செம்பு வந்தது. அரைச் செம்பு வந்தது. முக்கால் செம்பு வந்தது, ஒரு சொட்டு குழாய் விளிம்பில் தொங்கியது, விழுந்தது. அடுத்த சொட்டுக்காக இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றான். அவள் செம்பை எடுக்காமல், கை கடுக்கிற வரைக்கும், கடுத்த பிறகும், பிடித்துக்கொண்டே இருந்தாள். அதற்குமேல் வரவில்லை. மிச்சத்தை வேர் குடித்திருந்தது.

“இம்புட்டுத்தானா?” என்றான் வழிவிட்டான்.

“இம்புட்டுத்தான் மச்சான்” என்றாள் இருளாயி. செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வீடு கட்டி முடித்த பிறகு முதல் தடவையாக, தொட்டி விளிம்பில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.